கன்னாத் தீவின் கொம்பஸ் மலை: திருகோணமலையில் வாங்கின திசைகாட்டி அங்கே சரிவருமா?

உவர்மலை_புவியியல் கேட்டது:

வணக்கம். வாற ஆனியில் இங்கிருந்து மூன்று பேர் கிளாஸ்கோ போகிறார்கள். ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிற கன்னா என்ற சின்னத் தீவுக்குப் போய், அதின் கிழக்கு முனையில் கடலை ஒட்டி நிற்கிற கொம்பஸ் மலையில் ஏறுவது திட்டம். உயரம் 139 மீற்றர்தான், எங்கள் சுவாமி மலையைவிடக் கொஞ்சம் கூட. பாறையில் இருக்கிற இரும்பு திசைகாட்டி ஊசியைத் திருப்புவதால் மலைக்கு அந்தப் பெயர் வந்தது என்று வாசித்தோம்.

சும்மா ஏறி இறங்காமல், ஊசி எத்தனை பாகை விலகுது என்று அளந்து எழுதிக்கொண்டு வர வேண்டும். இங்கே ஒரு பாடசாலைப் புவியியல் கழகப் பிள்ளைகள் அதே வேலையைத் திருகோணமலையில் செய்து இரண்டையும் ஒப்பிடப் போகிறார்கள். நகரத்தில் வாங்கின சாதாரணத் தண்ணீர்க் கொம்பஸ் ஒன்று கையில் இருக்கு. அதையே கொண்டு போகலாமா? எப்படி அளந்தால் நம்பலாம்? போற வழி, ஏறுற வழி, கவனிக்க வேண்டியது எல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

---

உப்புவெளி_மாலுமி:

முதல் கேள்விக்கு நேரடியாகவே: அந்தக் கொம்பஸ் அங்கே சரிவராது. பழுதில்லை, அது இந்த இடத்துக்குச் செய்தது.

பூமியின் காந்த விசை எல்லா இடத்திலும் கிடையாக ஓடுவதில்லை. திருகோணமலை காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கு. இங்கே விசை ஏறக்குறையத் தரைக்குச் சமாந்தரம், ஊசியும் மட்டமாகப் படுத்திருக்கும். கன்னா 57 பாகை வடக்கில். அங்கே காந்த விசை தரையை நோக்கி 70 பாகைக்கும் மேலே சரிந்து இறங்குது. ஊசியின் வடக்கு முனையை அது கீழே இழுக்கும். வட ஐரோப்பாவுக்குச் செய்கிற கொம்பஸில் இதைச் சமப்படுத்த ஊசியின் தெற்குப் பக்கத்தில் கொஞ்சம் பாரம் கூட்டி வைப்பார்கள். எங்கள் பக்கத்துக்குச் செய்ததில் அந்தப் பாரம் இராது. அங்கே கொண்டு போனால் வடக்கு முனை தாழ்ந்து கூட்டின் அடியில் உரசும், சில நேரம் ஒட்டியே நிற்கும். உரசுகிற ஊசி தப்பான பாகையைக் காட்டும், நீங்கள் மலைதான் திருப்புது என்று எழுதிக்கொண்டு வருவீர்கள்.

மறுபக்கமும் இதேதான். அங்கே வாங்குகிற கொம்பஸை இங்கே கொண்டு வந்தால் தெற்கு முனை தாழும். ஆகவே பிள்ளைகளின் அளவோடு ஒப்பிட இரண்டு வழி: ஒவ்வொரு இடத்துக்கும் அந்தந்த வலயத்துக் கொம்பஸ், அல்லது உலகம் முழுக்கப் பாவிக்கக்கூடிய ஊசி உள்ள ஒன்று. இரண்டாவது விலை கூட, ஆனால் ஒரே கருவியால் இரண்டு இடத்தையும் அளந்தோம் என்று சொல்லலாம். வாங்கும்போது பெட்டியையோ பின்பக்கத்தையோ பாருங்கோ; சில கம்பனிகள் எம்.என்., எம்.இ., எம்.எஸ். என்று வலயத்தை அச்சடித்திருக்கும். வடக்கு, நடுக்கோடு, தெற்கு என்பது அதின் கருத்து.

இன்னொன்று. ஊசியைத் திருப்பி வைத்திருப்பது காந்த விசையின் கிடைப் பங்கு மட்டும்தான். திருகோணமலையில் அது சுமார் 40,000 நானோ டெஸ்லா (காந்த விசையை அளக்கிற அலகு). கன்னாவில் 17,000க்குக் கிட்ட. பாதிக்கும் குறைவு. ஒரு பாறை பக்கவாட்டில் 2,000 நானோ டெஸ்லா இழுத்தால் இங்கே ஊசி 3 பாகை அளவில் விலகும். அதே பாறை அங்கே இருந்தால் 6 அல்லது 7 பாகை விலக்கும். கொம்பஸ் மலையின் பேருக்கு இரும்பு ஒரு காரணம், அந்த ஊரில் ஊசியைப் பிடித்து வைத்திருக்கிற கை தளர்ந்தது என்பது மற்றக் காரணம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் வைத்தால் பிழையான முடிவுக்கு வருவார்கள்.

---

கிளாஸ்கோ_திருமலை:

தம்பி, போற வழியை நான் சொல்றன்.

கிளாஸ்கோ குயீன் ஸ்ட்ரீட் நிலையத்தில இருந்து மல்லேக் துறைமுகத்துக்கு நேரடி ரயில் இருக்கு, ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். மல்லேக்கில இருந்து கால்மாக் கம்பனியின்ர லொக்நெவிஸ் கப்பல். எக், மக், றம், கன்னா எண்ட நாலு தீவுக்கும் அதுதான் ஓடுது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஒழுங்கு. சில நாள் கன்னாவுக்கு நேராய்ப் போகும், இரண்டரை மணி நேரம் அளவில். சில நாள் மற்றத் தீவுகளைச் சுத்திப் போகும். சில நாள் கன்னாவில நிண்டு உடனே திரும்பிடும், அண்டைக்கு இறங்கினால் மலை ஏற நேரம் கிடையாது. ஆகையால் முதல் கப்பல் அட்டவணையை வைச்சு நாளைத் தெரிவு செய்யுங்கோ, பிறகு ரயில், பிறகு தங்குமிடம். முதல் நாள் இரவு மல்லேக்கில தங்கினால்தான் காலமைக் கப்பல் பிடிக்கலாம். கிளாஸ்கோவில இருந்து ஒரே நாளில போய்த் திரும்புற கதை நடக்காது. காற்று கூடினால் ஓட்டம் நிற்கும், ஆனபடியால் கையில ஒரு நாள் மிச்சம் வைச்சிருங்கோ.

தீவில வாகனம் அதிகம் காணமாட்டியள், சுற்றுலாப் பயணிகள் வாகனம் கொண்டு போக ஏலாது. கன்னாவும் பாலத்தால தொடுத்த சாண்டே தீவும் சேர்த்து இருபது பேர் அளவில்தான் குடியிருப்பு. சாப்பாட்டை மல்லேக்கில வாங்கிக்கொண்டு போங்கோ. உணவகம் ஒண்டு இருக்கு, ஆனால் திறந்திருக்கிற நாளும் நேரமும் முன்கூட்டிக் கேட்டு இடம் சொல்லி வைக்க வேணும்.

ஏறுற வழி: இறங்குதுறையில இருந்து வடக்குப் பக்கமாய் கொரகன் விரிகுடாவுக்கு வாங்கோ. கறுத்த மணல் கரை. கடலில தனியாய் ஒரு பாறைத் தூண், அதின்ர தலையில இடிஞ்ச பழைய சிறைக் கட்டடம். அதுக்கு மேல ஏற வேண்டாம், வழி இடிஞ்சு கிடக்கு. கரையை விட்டுப் புல் சரிவில மேல ஏறினால் கொம்பஸ் மலை. போட்ட பாதை இல்லை, அடையாளப் பலகை இல்லை, ஆட்டுத் தடம்தான். கரையில இருந்து உச்சிக்கு ஒரு மணி நேரம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

கவனம் வேண்டிய இடம் கடல் பக்கம். இராவணன் வெட்டில கம்பி வேலி இருக்கு, இங்க ஒண்டும் இல்லை. புல் விளிம்பு வரைக்கும் பச்சையாய்ப் போகும், கீழ மண் அரிஞ்சு வெறுமையாய் இருக்கும். நனைஞ்ச புல்லில றப்பர் செருப்பு வழுக்கும். விளிம்பில இருந்து ஐந்து மீற்றர் உள்ளுக்கு நில்லுங்கோ. புகார் மூடினால் இருந்த இடத்தில இருந்து தெளியும் வரைக்கும் பொறுங்கோ, ஏனெண்டால் கொம்பஸை நம்பி நடக்க ஏலாத மலை இது. ஜி.பி.எஸ். கருவி கட்டாயம். கடதாசி வரைபடம் ஓர்ட்னன்ஸ் சேர்வேயின்ர எக்ஸ்ப்ளோரர் 397.

நேரம் மிஞ்சினால் விளிம்பைப் பிடிச்சு மேற்கே நடந்து கார்ன் அ கால் உச்சிக்குப் போகலாம், 210 மீற்றர், தீவில அதுதான் உயரம். தெற்கே றம் தீவு மலைகளும் வடக்கே ஸ்கை தீவின்ர குலின் மலைகளும் ஒரே பார்வையில தெரியும். ஆனியில இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் கப்பல் உங்களுக்காக நிற்காது.

---

நிலஅளவை_நிலாவெளி:

அளக்கிற முறைக்கு வருகிறேன். பக்கத்துப் பாறையோ இரும்போ ஊசியைத் திருப்புவதை நில அளவையில் உள்ளூர் ஈர்ப்பு என்போம், கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு. இரண்டையும் செய்தால் ஒன்றை ஒன்று சரிபார்க்கும்.

முதல் வழிக்குத் தூரத்தில் வரைபடத்தில் உள்ள அடையாளம் ஒன்று வேண்டும். சாண்டே தீவில் கோபுரம் வைத்த தேவாலயம் ஒன்று தனியாக நிற்கிறது. தீவின் கிழக்கு முனையில் வெளிச்சவீடும் இருக்கிறது. உச்சியில் நிற்கிற இடத்தை ஜி.பி.எஸ்.ஸில் எடுத்து வரைபடத்தில் குறியுங்கள். அங்கிருந்து கோபுரத்துக்குக் கோடு இழுத்து, வரைபடத்தில் மேலிருந்து கீழாக ஓடும் கட்டக் கோட்டில் இருந்து கோணத்தை அளவுங்கள். ஜி.பி.எஸ். 10 மீற்றர் பிழைத்தாலும் அடையாளம் 2 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தால் கோணத்தில் வரும் பிழை 0.3 பாகைதான். கிட்டடி அடையாளம் எடுத்தால் இந்தப் பிழை பெருகும்.

பிறகு கொம்பஸால் அதே கோபுரத்தைப் பார்த்துப் பாகையை வாசியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் மலையின் வேலை அல்ல என்பதை மறக்க வேண்டாம். கட்டக் கோட்டின் வடக்கும் காந்த வடக்கும் வேறு வேறு. பிரித்தானிய வரைபடங்களின் கட்டங்களுக்கு அடிப்படையான நடு நெடுங்கோடு மேற்கு 2 பாகையில் ஓடுவதால், அதற்கு மேற்கே மிகத் தள்ளி இருக்கும் கன்னாவில் கட்ட வடக்கு உண்மை வடக்கில் இருந்து 3.8 பாகை மேற்கே சாய்ந்திருக்கும். காந்த வடக்கும் அங்கே மேற்குப் பக்கம்தான், ஆனால் அவ்வளவு இல்லை. அது வருடா வருடம் நகர்வதால் போகிற வருடத்துக்கான பெறுமதியைப் பிரித்தானியப் புவிச்சரிதவியல் ஆய்வகத்தின் இணையக் கணிப்பானில் எடுங்கள்.

கற்பனை இலக்கம் வைத்துச் சொன்னால்: வரைபடக் கோணம் 200. காந்த வடக்கு கட்ட வடக்குக்கு 1 பாகை கிழக்கே என்றால் கொம்பஸ் 199 காட்ட வேண்டும். அது 191 காட்டினால் ஊசி 8 பாகை கிழக்கே இழுபட்டிருக்கிறது. அந்த 8தான் எழுத வேண்டிய இலக்கம்.

இரண்டாவது வழிக்கு வரைபடமே தேவையில்லை. 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு மரக்கோல் நடுங்கள், இரும்புக் கோல் கூடாது. அ-வில் நின்று ஆ-வைப் பார்த்து வாசியுங்கள், பிறகு ஆ-வில் நின்று அ-வை. இரண்டும் சரியாக 180 வித்தியாசப்பட வேண்டும். அ-வில் 72, ஆ-வில் 258 என்று வந்தால் வித்தியாசம் 186. ஆறு பாகை எங்கோ பிழைக்கிறது, எந்த இடத்தில் என்று இன்னும் தெரியாது. மூன்றாவது கோல் இ-யை நட்டு ஆவுக்கும் இக்கும் இடையே இதையே செய்யுங்கள். அங்கே சரியாக 180 வந்தால் ஆ, இ இரண்டும் சுத்தமான இடம் என்று கொள்ளலாம். அப்போது ஆ-வில் வாசித்த 258தான் சரி, அ-வில் 78 வந்திருக்க வேண்டும், வந்தது 72. பிழை அ-வில். இரண்டு இடமும் ஒரே அளவு ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் இந்த முறை அதைக் காட்டாது, அதனால்தான் கோபுரத்து வழியும் வேண்டும் என்கிறேன்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று உயரத்தில் வாசியுங்கள்: நெஞ்சு உயரம், முழங்கால், பாறைக்கு மேலே ஒரு சாண். கீழே போகப் போக விலகல் பெருகினால் காரணம் காலடிப் பாறை. மூன்று உயரத்திலும் ஒரே விலகல் என்றால் காரணம் இன்னும் ஆழத்தில் அல்லது பரப்பில், இல்லாவிட்டால் உங்கள் உடம்பில். போன், பவர் பாங்க், காந்த மூடி வைத்த கைப்பை, சாவிக் கொத்து, இரும்புச் சட்டக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி ஐந்து மீற்றர் தள்ளி வையுங்கள். கம்பி வேலிக்குப் பக்கத்தில் அளக்க வேண்டாம். போனுக்குப் பக்கத்தில் ஒரே பையில் கிடந்த கொம்பஸின் ஊசி தலைகீழாகக் காந்தமாகிப் போவதும் உண்டு. புறப்படும் முன் சூரியனை வைத்து ஒருமுறை பாருங்கள்.

---

உவர்மலை_புவியியல்:

மிகவும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். அந்த மலை மூன்று மைல் தூரத்தில் போற கப்பலின் கொம்பஸையே திருப்பும் என்று பல இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அது சரியா? மற்றது, போனில் இருக்கிற கொம்பஸ் பாறையால் பாதிக்கப்படாது என்று ஒருவர் சொன்னார்.

---

உப்புவெளி_மாலுமி:

போனுக்குள் இருப்பதும் காந்த விசையைத்தான் அளக்குது. ஊசி இல்லை என்பதால் சரிவுப் பிரச்சினை இல்லை, ஆனால் பாறை அதையும் திருப்பும். எட்டு வடிவத்தில் சுழற்றுவது போனுக்குள் இருக்கிற காந்தத்தைக் கழிக்க. வெளியே இருக்கிற மலையை அது கழிக்காது. நடந்துகொண்டிருக்கும்போது ஜி.பி.எஸ். காட்டும் திசைக்கு மட்டும் பாறை ஒன்றும் செய்யாது. நின்றால் அந்தத் திசைக்குக் கருத்தில்லை.

மூன்று மைல் விஷயத்தை அப்படியே நம்ப வேண்டாம். காந்தத் துண்டு ஒன்றின் விசை தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும்: தூரம் இரட்டித்தால் விசை எட்டில் ஒன்று. மலை பெரிய பொருள், அதனால் கிட்டத்தில் இவ்வளவு வேகமாகக் குறையாது, ஆனால் மைல் கணக்கில் தள்ளிப் போகும்போது இந்தக் கணக்குத்தான். கடல் வரைபடங்களில் சில இடத்துக்குக் காந்தக் குழப்பம் என்று குறிப்பு அச்சடித்திருப்பது உண்மை, ஆனால் அங்கே குறைந்த ஆழத்தில் கப்பலுக்கு அடியிலேயே அந்தப் பாறை கிடக்கும்.

இரும்புக் கப்பல் ஒன்று இங்கிருந்து அங்கே போனால் அதின் கொம்பஸ் மலை இல்லாமலே மாறும். காந்த நடுக்கோட்டில் நிலைக்குத்து விசை இல்லை, ஆகவே கப்பலின் நிமிர்ந்த இரும்புப் பாகங்கள் அதனால் காந்தமாகாது. வடக்கே போகப் போக அந்த இரும்பு காந்தமாகி ஊசியை இழுக்கும். கொம்பஸ் தூணுக்கு முன்னால் நிற்கிற பிளிண்டர்ஸ் தண்டு என்ற இரும்புத் தண்டு இதைச் சமப்படுத்தத்தான். கப்பலின் கொம்பஸ் எந்தத் திசையில் எத்தனை பாகை பிழைக்கும் என்று எழுதி வைக்கிறது விலகல் அட்டை; திருகோணமலைத் துறையில் சரி பார்த்த அட்டையை ஸ்கொட்லாந்தில் பாவித்தால் சில பாகை பிழைக்கும், கப்பல் சரிந்தாடும்போது இன்னும் கூடும். பழைய மாலுமிகள் மலையின் மேல் போட்ட பழியில் ஒரு பங்கு கப்பலுக்கே உரியது என்பது என் அபிப்பிராயம்.

---

பாறைப்பாடம்:

மலை ஏன் இப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. சுமார் 60 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் பிளக்கத் தொடங்கிய காலத்து எரிமலைக் குழம்பு அது. பசால்ட் பாறை. அதில் மக்னடைட் என்ற இரும்பு ஒக்சைட்டு மணிகள் உண்டு. குழம்பு ஆறி 580 பாகை செல்சியசுக்குக் கீழே வரும்போது அந்த மணிகள் அப்போதைய பூமிக் காந்தத்தின் திசையைப் பிடித்து அப்படியே உறைந்துவிடும். அந்தக் காலத்தில் பூமியின் காந்தம் இன்றைக்கு எதிர்த்திசையில் இருந்தது; இந்தப் பகுதிக் குழம்புகளில் பெரும்பாலானவை எதிர்த்திசைக் காந்தம்தான். இடி விழுந்த பாறை முனைகள் இதற்கு மேலே தனியாகக் காந்தமாகியிருக்கும். இரண்டு அடி தள்ளி வைத்தால் ஊசி வேறு பக்கம் திரும்புகிற இடங்களுக்கு அநேகமாக இதுவே காரணம். அப்படி ஒன்றைக் கண்டால் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

கொம்பஸ் மலையின் கடல் பக்கம் முழுக்க ஒரே பசால்ட் என்று நினைக்க வேண்டாம். குழம்புப் படைகளுக்கு இடையே உருண்டைக் கற்கள் சேர்ந்து இறுகிய தடித்த படைகள் இருக்கின்றன. அவை அந்தக் காலத்து ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்தவை. தீவின் இப்படிப்பட்ட படைகளில் பக்கத்து றம் எரிமலையில் இருந்து வந்த கற்களும் கிடக்கின்றன. அந்த எரிமலை எவ்வளவு கெதியாக அரிந்துபோனது என்பதற்கு அதுவே சாட்சி. கொரகன் கரையில் இருந்து அண்ணாந்து பார்த்தால் படைகள் தெரியும், சுவருக்கு அடியில் போய் நிற்க வேண்டாம், கல் விழும்.

சுவாமி மலை எரிமலைப் பாறை அல்ல, மிகப் பழைய உருமாறிய பாறை. அங்கே விலகல் ஒன்றுமே இல்லாமல் வந்தாலும் பிள்ளைகள் சோர வேண்டாம், அதுவும் ஒரு முடிவு. புல்மோட்டைக் கருமணலைக் கொண்டு வந்து ஊசிக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பெரும்பங்கு இல்மனைற்று. இரும்பு இருந்தும் மக்னடைட் போல ஊசியை இழுக்காது. இரும்பு இருந்தால் போதும் என்ற எண்ணம் அதோடு போகும்.

---

கிளாஸ்கோ_திருமலை:

விட்டுப்போன சிலது. ஆனியில மிட்ஜ் எண்ட சின்னக் கடி பூச்சி இருக்கும், காற்று அடிச்சால் வராது, காற்று நிண்டால் மொய்க்கும். தலைவலை ஒண்டு வாங்குங்கோ. புல்லில உண்ணி இருக்கு, அது லைம் நோயைப் பரப்பும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள்ள செருகுங்கோ, பின்னேரம் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கோ, கண்டால் நுனி இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேராய் இழுங்கோ. எண்ணெய் பூசுறது, சுடுறது ஒண்டும் செய்ய வேண்டாம்.

தீவில மண்ணிறப் பெரிய எலி இல்லை. கடற்பறவை முட்டைகளைத் தின்னுது எண்டு 2005 மாரியில தொடங்கி அழிச்சு, 2008 இல எலி அற்ற தீவு எண்டு அறிவிச்சவை. அங்க மட்டும் உள்ள ஒரு காட்டுச் சுண்டெலி இனம் நஞ்சில சாகாமல் இருக்க, கொஞ்சத்தைப் பிடிச்சு வெளியில வளர்த்துத் திருப்பி விட்டவை. ஆகையால் கப்பலில ஏற முதல் உங்கட பையை, முக்கியமாய்ச் சாப்பாட்டுப் பையைத் திறந்து பாருங்கோ. பஃபின் பறவை பார்க்க ஆனி நல்ல மாதம், சாண்டேயின்ர தென்கரைப் பாறைத் தூண்களில இருக்கும். நிலத்தில கூடு வைக்கிற பறவைகளும் இருக்கு, கால் வைக்கிற இடம் பார்த்து நடங்கோ. திறந்த படலையைத் திறந்தபடியும் பூட்டினதைப் பூட்டியும் விடுறது அங்கத்தைய ஒழுங்கு. ஏதும் நடந்தால் 999, பொலிசைக் கேட்டு மலை மீட்புக் குழு எண்டு சொல்லுங்கோ; கடல் பக்கம் விழுந்தால் கரையோரக் காவல். சிக்னல் எல்லா இடத்திலயும் இராது.

---

நிலஅளவை_நிலாவெளி:

பிள்ளைகள் எங்கே அளப்பது என்பதையும் தீர்த்துவிடலாம். சுவாமி மலையில் கோயில் பக்கம் வேண்டாம். இரும்புக் கம்பி வேலி, கொங்கிறீற்றுக்குள் கம்பி, வாகனம், மின்கம்பி எல்லாம் பத்து மீற்றருக்குள். அதோடு கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால், கோலும் கருவியும் வைத்து அளக்க முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டிவரும். உப்புவெளி அல்லது நிலாவெளிக் கடற்கரையில், ஹோட்டல் வேலிகளை விட்டு முப்பது மீற்றர் தள்ளி மூன்று கோல் நட்டால் போதும். நிலாவெளியில் புறாமலைத் தீவின் உச்சியைத் தூர அடையாளமாக எடுக்கலாம். நேரம் காலை அல்லது பின்னேரம். மத்தியான வெயிலில் வேண்டாம்.

இரண்டு இடத்துக்கும் ஒரே தாள் பாவியுங்கள். இடம், நேரம், ஜி.பி.எஸ்., வரைபடக் கோணம், மூன்று உயர வாசிப்பு, திரும்பிப் பார்த்த வாசிப்பு, ஒவ்வொன்றும் மூன்று முறை. வாசிப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர். கடைசி நிரலில் மாலுமி ஐயா சொன்ன கிடை விசையையும் எழுதுங்கள். விலகலின் தாஞ்சனை அந்த இடத்துக் கிடை விசையால் பெருக்கினால் பாறை பக்கவாட்டில் இழுத்த விசை ஏறக்குறைய வரும். கன்னாவையும் நிலாவெளியையும் ஒப்பிட வேண்டியது அந்த இலக்கத்தைத்தான், பாகையை அல்ல.